மெதுகலக்கல் கலன்: உப்பின் ஆக்டனால்–நீர்ப் பங்கீட்டை அளக்க ஏற்றதா?

இரட்டைச் சுவர் கொண்ட கண்ணாடிக் கலன், அடியில் டெஃப்லான் அடைப்புள்ள குழாய், உள்ளே காந்தத் துண்டு, மேலே மூடி. ஓஇசிடி எனும் பொருளாதார ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பின் 123-ஆம் சோதனை வழிகாட்டி (2006) விவரிக்கும் மெதுகலக்கல் முறைக்கான கலன் இது. நீரை வெறுக்கும், லாக் பி (ஆக்டனால் என்ற ஆல்ககாலிலும் நீரிலும் பொருளுக்குள்ள செறிவுகளின் விகிதம், மடக்கையில்) 5-ஐத் தாண்டும் பொருள்களுக்காக உருவானது. அப்படியிருக்க, நீரில் தாராளமாகக் கரையும் உப்புக்கு இது எதற்கு? உதவும், அதுவும் நன்றாகவே. ஆனால் வழக்கமான ஒரு லிட்டர் அளவில் வாங்க வேண்டாம். அடிக்குழாய்க்காகக் கூடுதல் பணமும் கொடுக்க வேண்டாம்.

எண்ணெய்ப்பசைப் பொருளை அளக்கும்போது நீரில் சிதறிய ஆக்டனால் நுண்துளிகள் கணக்கைக் கவிழ்க்கும். உப்பில் அதே கோளாறு தலைகீழாக வரும்: ஆக்டனாலில் சிக்கிய நீர்த்துளிகளே எதிரி. நீரில் 10 மில்லிமோலார் உப்பு இருக்கிறது, உண்மையான லாக் டி (பொருளின் அயனி, நடுநிலை வடிவங்களை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட அதே விகிதம், மடக்கையில்) −3 என்று வைத்துக்கொள்வோம். ஆக்டனாலில் இருக்க வேண்டியது 0.01 மில்லிமோலார். அந்த ஆக்டனாலில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீர்த்துளி கலந்திருந்தால், துளிகள் சுமந்து வரும் உப்பு மட்டுமே இன்னொரு 0.01 மில்லிமோலார். விடை இரட்டிப்பாகிவிடும். 10 மி.லி. ஆக்டனாலில் 10 மைக்ரோலிட்டர் நீர் என்பது அவ்வளவுதான். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அடுக்கிலும் அது ஒளிந்திருக்கலாம். பிரிபுனலில் வேகமாகக் குலுக்கி எடுத்த உப்பு அளவீடுகளில் −3-ஐச் சுற்றி வரும் எண்களைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். அவற்றில் பல உப்பைப் பற்றிச் சொல்வதைவிடத் துளிகளைப் பற்றியே அதிகம் சொல்லும்.

காத்திருந்தால் துளி இறங்கிவிடாதா? இறங்கும், ஆனால் ஆமை வேகத்தில். ஆக்டனாலின் பிசுக்குமை நீரைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு, அடர்த்தி 0.83 அளவில் இருப்பதால் நீரோடு உள்ள வேறுபாடும் சிறியது. ஸ்டோக்ஸ் விதிப்படி, 5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள நீர்த்துளி மணிக்கு 1 மி.மீ. சொச்சமே இறங்கும். 5 செ.மீ. உயர அடுக்கைக் கடக்க இரண்டு நாள் ஆகும். துளியே உருவாகாமல் பார்த்துக்கொள்வதுதான் நல்ல வழி. இந்தக் கலனின் முழு மதிப்பும் அங்கேதான்.

அடிக்குழாய் இருப்பது, ஆக்டனால் அடுக்கைத் துளைக்காமல் நீர் மாதிரி எடுக்க. உப்பைப் பொறுத்தவரை நீர் மாதிரியில் கொஞ்சம் ஆக்டனால் ஒட்டினாலும் பெரிய கெடுதல் இல்லை. துல்லியம் வேண்டியது மேலடுக்கில். அதற்கு மூடியில் ரப்பர் அடைப்புள்ள ஒரு துளை போதும். அடிக்குழாய் உள்ள கலனே கையில் இருந்தால், மாதிரி எடுக்கும் முன் குழாயில் தேங்கிய சில மி.லி. நீரை ஒழுகவிட்டு ஒதுக்குங்கள். அது கலக்கத்தில் பங்குகொள்ளாத நீர். திருகுகளில் கிரீஸ் கூடவே கூடாது, ஆக்டனாலில் கரையும்.

அளவு அடுத்த குறை. ஒரு லிட்டர் கலனில் 950 மி.லி. நீரை 10 மில்லிமோலாராக்க, மூலக்கூற்று எடை 300 உள்ள உப்பு 2.85 கிராம் வேண்டும். மருந்து உப்பாக இருந்தால் இது வீண் செலவு. 100 மி.லி. கலனில் 60 மி.லி. நீர், 30 மி.லி. ஆக்டனால் என்று வைத்தால் 0.18 கிராமில் வேலை முடியும்.

நிரப்பும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். இரண்டு திரவங்களையும் முன்பே 24 மணி நேரம் ஒன்றோடொன்று குலுக்கித் தெவிட்ட வைத்துத் தெளியவிட வேண்டும். தெவிட்டிய ஆக்டனாலில் எடையளவில் ஏறத்தாழ 5 சதவீதம் நீர் இருக்கும்; உலர்ந்த ஆக்டனாலை நேரடியாக ஊற்றினால் அது சோதனையின் நடுவே நீரை உறிஞ்சி இரு அடுக்குகளின் கனஅளவையும் மாற்றும். தெவிட்ட வைக்கும் நீரில் சோதனை உப்பைத் தவிர மற்ற எல்லாம், அதாவது தாங்கல் கரைசலும் பின்னணி உப்பும், இருக்க வேண்டும். முதலில் உப்புக் கரைசல். அதன் மேல் ஆக்டனாலைச் சுவர் வழியாக மெல்ல வழியவிடுங்கள். கொட்டினால் அங்கேயே துளி உருவாகிவிடும். பிறகு கலக்கியை மிகக் குறைந்த வேகத்திலிருந்து ஏற்றுங்கள். இடைமுகத்தில் விழும் குழிவு 0.5 முதல் 2.5 செ.மீ. வரை இருக்கலாம் என்கிறது வழிகாட்டி. உப்புக்குக் கீழ் எல்லையே நல்லது. வெப்பநிலை 25 டிகிரி, ஏற்ற இறக்கம் 1 டிகிரிக்குள். இரட்டைச் சுவரில் ஓடும் நீர் ஆடம்பரமல்ல: தெவிட்டிய ஆக்டனால் குளிர்ந்தால் மங்கல் தட்டும், அந்த மங்கல் நீர்த்துளிதான்.

சமநிலை ஒரு நாளில் வந்துவிட்டதாகத் தோன்றினாலும் 24, 30, 48, 54, 72 மணிகளில் மாதிரி எடுத்து, விகிதம் காலத்தோடு ஏறவோ இறங்கவோ இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். கலக்கியை நிறுத்தி, சிரிஞ்சின் ஊசி முனையை ஆக்டனால் அடுக்கின் நடுவில் நிறுத்தி மெதுவாக இழுங்கள். துளி கலக்கிறதா என்று சோதிக்க ஒரு தனி ஓட்டத்தில் சுக்ரோஸ் போடலாம். அதன் லாக் பி சுமார் −3.7. அளவீட்டில் −3 வந்தால் குற்றவாளி துளிதான்.

கலன் தீர்க்காத சிக்கல்கள் வேறு. முதலாவது பிஎச். சோடியம் சாலிசிலேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாலிசிலிக் அமிலத்தின் லாக் பி சுமார் 2.3, பிகேஏ (அமிலத்தில் பாதி அயனியாகும் பிஎச்) சுமார் 3. பிஎச் 7-இல் மிச்சமிருக்கும் துளியூண்டு நடுநிலை அமிலம் மட்டுமே லாக் டி-யை −1.7 வரை கொண்டுவந்துவிடும். கார்பாக்சிலிக் அமிலத்தின் அயனி வடிவம் நடுநிலை வடிவத்தைவிட 4 மடக்கை அலகு கீழே இருக்கும் என்பது பொதுவான கைக்கணக்கு. அதன்படி பார்த்தாலும் வருவது −1.7 தான். அளந்தது உப்பையா, அமிலத்தையா என்று பிரிக்க வழியில்லை. பிஎச் 9-க்குப் போனால் அமிலத்தின் பங்கு −3.7-க்கு இறங்கும், அப்போது கிடைப்பது உப்பின் எண். இதே காரணத்தால் ஆக்டனாலிலுள்ள அமிலக் கசடும் தொல்லை. 0.1 மோலார் கந்தக அமிலம், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, பின் நடுநிலையாகும்வரை நீர் என்று கழுவி, உலர்த்தி வடித்தெடுங்கள். டெட்ராபியூட்டைல் அம்மோனியம் புரோமைடு போன்ற நான்கிணைய உப்புகளுக்கு பிஎச் தலைவலி கிடையாது.

இரண்டாவது, செறிவு. உப்புக்கு ஒரே ஒரு பங்கீட்டுக் குணகம் என்று கிடையாது. ஆக்டனாலுக்குள் அயனிகள் இணைசேர்ந்து போனால், செறிவு பத்து மடங்கானால் லாக் டி-யும் 1 ஏறும். தனித்தனியாகப் போனால் ஏறாது. ஓஇசிடியின் 107-ஆம் வழிகாட்டியின் குலுக்கு முறையில் கேட்கப்படும் கனஅளவு விகிதச் சோதனை (கணக்கிட்ட விகிதம், அதன் பாதி, இரட்டிப்பு, எல்லாம் ±0.3-க்குள்) இதைக் காட்டிக்கொடுக்காது. லாக் டி −2 என்றால் விகிதத்தை மாற்றினாலும் நீரின் செறிவு அசைவதில்லை, ஆகவே சோதனை அழகாகத் தேறிவிடும். விகிதத்தோடு செறிவையும் மாற்றுங்கள்: 10, 1, 0.1 மில்லிமோலார். பிறகு எதிரயனியை (உப்பில் எதிர் மின்னூட்டம் கொண்ட இணை அயனியை) 0.15 மோலாரில் நிலைநிறுத்தி மறுபடி அளந்து, எந்த எதிரயனி, எவ்வளவு என்பதை விடையோடு சேர்த்தே எழுதுங்கள். அது இல்லாத எண்ணை யாரும் ஒப்பிட முடியாது.

பகுப்பாய்வில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எச்பிஎல்சி (உயர்திறன் திரவ நிறப்பிரிகை) என்றால் ஆக்டனால் மாதிரியை மெத்தனாலில் பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள், இல்லையேல் முகடு சிதையும். கனிம அயனி என்றால் சம அளவு தூய நீரால் திரும்பப் பிரித்தெடுங்கள். லாக் டி −2 உப்பில் 99 சதவீதம் ஒரே தடவையில் வந்துவிடும்.

நேர்ப்போட்டி சென்ட்ரிஃப்யூஜ் குழாய்தான். 100 தடவை தலைகீழாகப் புரட்டி, 1,000 ஜி-யில் பத்து நிமிடம் சுழற்றினால் அந்த 5 மைக்ரோமீட்டர் துளி இறங்கிவிடும். அரை நாளில் ஆறு குழாய் முடியும். ஊசலாடும் வாளி வகைச் சுழலியாக இருக்கட்டும். சாய்கோணச் சுழலியில் துளிகள் சுவரில் ஒட்டிப் படலமாக நிற்கும், ஊசி பட்டால் கூடவே வரும். லாக் டி −1.5-க்கு மேல் இருக்கும் உப்புக்கு இந்தக் குழாயே போதும், கலனுக்குச் செலவு தேவையில்லை. அதற்குக் கீழே போகப் போகத்தான் கலன் தன் விலையை நியாயப்படுத்தும். சீட்டைல் ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு போன்ற சோப்புத்தன்மை உப்புகளுக்கு இரண்டுமே உதவாது. அவை இடைமுகத்தில் குவியும், ஒரு மில்லிமோலார் அருகிலேயே மைசெல் (மூலக்கூறுத் திரள்) கட்டும்.

கழுவும்போது நீரில் தொடங்காதீர்கள், ஆக்டனால் படலம் அப்படியே இருக்கும். எத்தனால் இரண்டு தடவை, பிறகு நீர், கடைசியில் அடைப்பைக் கழற்றித் தனியாக.