தளிக் குளிரில் முண்டு மிளகாய்: ஆறு மாதம் பயன்படுத்திய ஒரு சூட்டு விரிப்பு

நான் பிறந்து வளர்ந்தது இராமநாதபுரம் மாவட்டம் கமுதிப் பக்கத்துக் கரிசல் காட்டில். எங்கள் வீட்டில் மிளகாய்க்கு நாற்றங்கால் போட்டு நான் பார்த்ததில்லை. புரட்டாசிக் கடைசியில் உழுத நிலத்தில் விதையைத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருப்போம். மழை இறங்கிய எட்டாம் நாளோ பத்தாம் நாளோ வரப்பில் நின்று பார்த்தால் பச்சை தெரியும். திருமணமாகி, ஓசூர்ப் பக்கத்துக் குளிர்ந்த ஊரான தளிக்கு வந்து பதினொரு ஆண்டுகளாகிவிட்டன. இங்கே எல்லாம் விளைகிறது. முட்டைக்கோஸ், பீன்ஸ், ரோஜா, கேழ்வரகு, அவரை என்று மண் வஞ்சகமில்லாமல் கொடுக்கிறது. ஆனால் என் வீட்டுத் திண்ணையில் ஒரு முண்டு மிளகாய் விதையை முளைக்கவைக்க என்னால் முடியவில்லை.

2024 கார்த்திகையில் அம்மா வந்தபோது இரண்டு கிலோ வற்றல் கொண்டுவந்தார். கூடவே விதைக்கென்றே பழுக்கவிட்டு நிழலில் உலர்த்திய பழங்களைத் தனியே ஒரு துணியில் முடிந்து வந்தார். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அது குழம்பின் நிறமும் மணமும். அறுபது விதைகளை ஒரு தொட்டியில் ஊன்றினேன். இருபத்தைந்து நாளில் வந்தவை இரண்டு. மீதியைக் கிளறிப் பார்த்தேன். விரலால் அழுத்தியதும் கூழாகிப் பிதுங்கின. தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது, "அதே விதையை நானும் போட்டேன், இங்கே அத்தனையும் வந்துவிட்டதே" என்றார். விதையில் குறையில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஓசூரில் அலங்கார மீன் விற்கும் கடையில் எண்பது ரூபாய்க்கு ஒரு வெப்பமானி வாங்கிவந்து தொட்டி மண்ணில் செருகினேன். காலை ஆறு மணிக்கு 14 டிகிரி. மதியம் இரண்டு மணிக்கு 23. மாலை ஆறானதும் மறுபடி இறங்கத் தொடங்கிவிட்டது. மிளகாய் வெப்ப நாட்டுச் செடி. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக நம் கரைக்கு வந்தது. மண் 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். 15க்குக் கீழே போய்விட்டால் விதை அப்படியே கிடக்கும். ஈரத்தில் நெடுநாள் கிடக்கிற விதையைப் பூஞ்சை தின்றுவிடும். என் தொட்டியில் நடந்தது இதுதான்.

அதன் பிறகுதான் ஹீட் மேட் என்று விற்கிற இந்தச் சூட்டு விரிப்பை இணையத்தில் வாங்கினேன். பத்து அங்குல அகலம், இருபது அங்குல நீளம், கருப்பு நிறம், பள்ளிக்கூடத்துச் சிலேட்டை விடச் சற்றுக் கனம். உள்ளே மின்கம்பி ஓடுகிறது. 20 வாட் என்று அச்சடித்திருந்தது. சூட்டை அளந்து தானே நிறுத்தித் தானே தொடங்கும் தெர்மோஸ்டாட்டும் சேர்த்து 1,840 ரூபாய். எந்த நிறுவனம் என்று எழுதவில்லை. குறை சொல்லப்போகிறேன் என்பதால் மட்டும் இல்லை. இதே வடிவத்தில் இதே பொருளைப் பல பெயர்களில் விற்கிறார்கள். வேலை செய்யும் விதமும் ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலில் வந்தது சூடே ஆகவில்லை. திருப்பி அனுப்பி மாற்றுப்பொருள் வர ஒன்பது நாள் ஆயிற்று. செருகி நம் வீட்டுச் சுவர்த்துளைக்குப் பொருந்தாமல் இன்னொரு இணைப்பான் வாங்கவேண்டியிருந்தது. உடன் வந்த தாளில் தமிழ் ஒரு வரி இல்லை. இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தாள் சொன்ன ஒரு யோசனைதான் தவறானது. இந்தப் பொருளை வாங்குகிற எவரும் அதில் தடுக்கி விழுவார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

தெர்மோஸ்டாட்டிலிருந்து ஒரு நீண்ட கம்பி வருகிறது. அதன் நுனியில் சூட்டை உணரும் சிறு குமிழ். அந்தக் குமிழை விரிப்பின் மேல் ஒட்டிவிடச் சொல்கிறது தாள். அப்படியே செய்து 28 டிகிரி வைத்தேன். தெர்மோஸ்டாட் பெட்டியும் 28 என்று காட்டியது. ஆனால் விரிப்பின் மேல் வைத்த நாற்றுக் குழித்தட்டின் நடுக் குழியில் என் எண்பது ரூபாய் வெப்பமானி காட்டியது 23. பெட்டி பொய் சொல்லவில்லை, விரிப்பு 28தான். ஆனால் விதை விரிப்பின் மேல் உட்காரவில்லையே! இடையில் பிளாஸ்டிக் தட்டு, அதற்கு மேல் ஈரமான தென்னை நார்க் கழிவு, அதற்கும் மேல் தளிக் காற்று. ஒவ்வொன்றும் கொஞ்சம் சூட்டைத் தின்றுவிடுகிறது. குமிழைப் பிடுங்கி நடுக் குழியில், விதை கிடக்கும் ஆழத்திலேயே புதைத்தேன். அதாவது அரை அங்குலத்துக்கும் குறைவு. அதன் பிறகுதான் மண் 28ஐத் தொட்டது.

அதுவும் பகலில் மட்டும்தான். விடியற்காலையில் விரிப்பு இடைவிடாமல் எரிந்தும் 24க்கு மேல் ஏறவில்லை. தெர்மோஸ்டாட் இருந்தாலும் இத்தகைய விரிப்பால் சுற்றுப்புறத்தை விட ஐந்து முதல் பத்து டிகிரி வரைதான் உயர்த்த முடியும். திண்ணைச் சிமெண்ட் தரை கீழிருந்து அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சிப் பெட்டி வந்த அட்டையிலிருந்த தெர்மாகோலை எடுத்து விரிப்புக்கு அடியில் போட்டேன். மேலே, குழித்தட்டைத் தொடாத உயரத்தில், தெளிந்த பிளாஸ்டிக் தாளைக் கூடாரமாகக் கவிழ்த்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு வெப்பமானியில் 27. அந்த எண்ணைப் பார்த்தபோது ஊரிலிருந்து யாரோ வந்து வாசலில் நிற்பதுபோல் இருந்தது.

2025 பொங்கல் முடிந்த மறுவாரம் விதைத்தேன். 98 குழித் தட்டு ஒன்று முழுதாக விரிப்பின் மேல். பாதியில் முண்டு விதை. மறுபாதியில் தேன்கனிக்கோட்டை விதைக்கடையில் வாங்கிய பச்சை மிளகாய் வீரிய ஒட்டு விதை. இன்னொரு தட்டைக் கத்தரியால் வெட்டி, 28 குழிகள் கொண்ட இரண்டு துண்டுகளாக்கி இரண்டிலும் முண்டு விதை மட்டும் போட்டேன். ஒன்று எங்கள் பழைய ஃபிரிட்ஜின் மேல், பின்பக்கக் கம்பிகளின் சூடு எழும் இடத்தில். இன்னொன்று திண்ணையில், வெறும் காற்றில். மூன்றிலும் ஒரே நார்க் கழிவு, ஒரே மண்புழு உரம்.

விரிப்பின் மேல் ஏழாம் நாள் முதல் தலை தெரிந்தது. பதினான்காம் நாள் எண்ணியபோது 49 முண்டு விதைகளில் 38, ஒட்டு விதைகளில் 45. ஃபிரிட்ஜின் மேல் பன்னிரண்டாம் நாள்தான் தொடங்கியது. மூன்று வாரத்தில் 28க்கு 19 வந்தது. திண்ணையில் மூன்று வாரத்தில் மூன்று.

ஃபிரிட்ஜைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. காசில்லாமல் 19 நாற்று என்பது ஒரு வீட்டுக்குத் தாராளம். என் அத்தை இன்னும் ஒரு படி மேலே போய், சுரை, பாகல் விதைகளை ஈரத்துணியில் முடிந்து எருக்குழியின் ஓரத்தில் கைநுழையும் ஆழத்தில் வைப்பார். சாணம் மட்கும் சூடு போதும், நான்காம் நாள் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். விரிப்பைக் கண்டதும் அவர் கையை அதன் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "எருக்குழிச் சூடுதான், ஆனால் இதில் சாணி வாடை இல்லை, நீ வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்" என்றார். விரிப்பைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அதுதான். எருக்குழியில் இல்லாத ஒன்றும் இதில் உண்டு: எத்தனை டிகிரி என்று நாமே வைத்துக்கொள்ளலாம்.

விரிப்பின் அளவைப் பற்றி ஒன்று. 98 குழித் தட்டு விரிப்பை விட இரண்டு பக்கமும் விரற்கடை அளவு வெளியே நீள்கிறது. ஓரக் குழிகளில் மண் மூன்று டிகிரி குறைவாகவே இருந்தது. முளைக்காமல் போனவற்றில் பெரும்பாலானவை ஓரத்து வரிசைகள்தான். தட்டை இரண்டு நாளைக்கு ஒருமுறை திருப்பி வைத்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

தண்ணீர் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். சூடு கீழிருந்து வருவதால் குழியின் அடிப்பாகம் முதலில் காய்கிறது. மேலே தொட்டால் ஈரம், கீழே பொடி. தட்டைத் தூக்கிப் பார்த்து எடை குறைந்திருந்தால் தண்ணீர் விடப் பழகிக்கொண்டேன். காலைக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மண் நொடியில் ஆறு டிகிரி இறங்குகிறது. வெயிலில் வைத்த வாளித் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். விரிப்பு நனையலாம் என்கிறார்கள். ஆனால் கம்பி சேரும் இடங்களும் தெர்மோஸ்டாட் பெட்டியும் நனையக்கூடாது. பெட்டியைச் சுவரில் உயரத்தில் மாட்டிவிடுங்கள். செருகிக்குப் போகிற கம்பி ஒரு முறை கீழே தாழ்ந்து பிறகு மேலே ஏறும்படி விடுங்கள். வழியும் நீர் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், சுவர்த்துளைக்குள் போகாது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் இதை மறக்கவே கூடாது.

மின்செலவைப் பற்றிப் பலர் கேட்டார்கள். நாள் முழுக்க எரிந்தாலே அரை யூனிட்டுக்கும் குறைவு. பதினான்கு நாளுக்கு ஏழு யூனிட்டைத் தாண்டாது. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்று 2025இல் இருந்த நம் கணக்கில் அது கண்ணுக்கே தெரியவில்லை.

முளைத்த பிறகு செய்யவேண்டியதை எந்தத் தாளும் எனக்குச் சொல்லவில்லை. பாதிக்கு மேல் தலை காட்டியதும் கூடாரத்தை எடுத்துவிட வேண்டும். இரட்டை இலை விரிந்த நாற்றுகளை விரிப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். பார்ப்பதற்காகவே ஒரு வரிசையை இறக்காமல் மேலும் பத்து நாள் விரிப்பின் மேலேயே விட்டேன். தளியின் பனிமூட்டத்தில் காலை ஒன்பதரைக்கு முன் வெயில் இல்லை. கீழே சூடு, மேலே வெளிச்சக் குறைவு என்றானதும் அவை நூலாக நீண்டு சாய்ந்தன. இறக்கிவைத்த நாற்றுகள் குட்டையாக, தண்டு ஊதா ஓட்டத்தோடு நின்றன. ஈரமும் சூடும் கூடிய இடத்தில் நாற்றழுகல் வரும். ஒன்பது நாற்றுகள் மண்ணோடு ஒட்டும் இடத்தில் நைந்து விழுந்தன. டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியை நார்க் கழிவில் கலந்த பிறகு நின்றது. அடுத்த முறை விதைக்கும்போதே கலந்துவிட்டேன்.

வெட்டிய தட்டில் மிஞ்சிய 42 குழிகளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்திருந்தேன். அவர்கள் வீட்டில் தெலுங்கு. எதிர் வீட்டில் கன்னடம். எனக்கு மிளகாய், இவளுக்கு மிரபகாய, எதிர் வீட்டு அம்மாவுக்கு மெணசினகாயி. விரிப்பில் என் முறை முடிந்ததும் அவள் கொண்டுபோனாள். பதினோராம் நாள் மதில் மேல் தலையை நீட்டி, "அக்கா, முப்பத்தாறு!" என்று கத்தினாள்.

நாற்பத்திரண்டு நாள் வயதில், மார்ச் முதல் வாரத்தில், குளிர் விலகியதும் பைகளுக்கு மாற்றினேன். ஏப்ரலில் இலைப்பேன் வந்து இலைகளைச் சுருட்டியது. வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்துக் காப்பாற்றினேன். மே நடுவில் பச்சைக் காய், ஜூனில் பழம். கமுதி வெயிலில் காய்ந்ததைப் போன்ற கருஞ்சிவப்பு இங்கே வரவில்லை. சற்று வெளிறிய சிவப்புதான். தோல் தடிமனும் உருண்டை வடிவமும் அப்படியே இருக்கின்றன. அவரைக் கொட்டைக் குழம்பில் நான்கு கிள்ளிப் போட்டுக் களியோடு சாப்பிட்டோம். இரண்டு ஊர் ஒரே தட்டில் சேர்ந்ததாக எனக்கு இருந்தது.

யார் வாங்கலாம்? பச்சை மிளகாய் கிடைத்தால் போதும் என்பவர்களுக்கு இது தேவையில்லை. ஓசூர்ப் பக்கத்து நாற்றுப் பண்ணையில் நான் விசாரித்தபோது நாற்று ஒன்றுக்கு ஒரு ரூபாய் இருபது காசு சொன்னார்கள். பத்து நாற்று வாங்கி நட்டுவிடலாம். எந்தப் பண்ணையிலும் கிடைக்காத விதை உங்களிடம் இருந்தால், அம்மாவோ பாட்டியோ துணியில் முடிந்து கொடுத்தது இருந்தால், அறுபது விதையை அழுகவிட்டு மனம் நோவதற்குப் பதிலாக இதை வாங்குங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைப்பக்கம் என்று குளிர் இறங்கும் இடத்தில் கார்த்திகை முதல் மாசி வரை இதற்கு வேலை உண்டு. கிருஷ்ணகிரி நகரிலோ தருமபுரியிலோ இருப்பவர்களுக்கு ஃபிரிட்ஜின் மேல்புறமே போதும் என்று நினைக்கிறேன். தெர்மோஸ்டாட் இல்லாத விரிப்பை வாங்கவேண்டாம். மதிய வெயிலில் அதை நிறுத்த ஆளிருக்காது, மண் 35ஐத் தாண்டினால் விதை வெந்துபோகும். தனி வெப்பமானி ஒன்றையும் அவசியம் வாங்குங்கள். என் தெர்மோஸ்டாட் ஆறு மாதத்தில் இரண்டு டிகிரி கூட்டிக் காட்டத் தொடங்கியிருக்கிறது. வெப்பமானி இல்லாவிட்டால் அது எனக்குத் தெரிந்தே இருக்காது.

முண்டுச் செடிகளில் ஆறு பூக்களுக்கு, விரிவதற்கு முந்தைய மாலையே மெல்லிய துணிப்பை கட்டிவைத்திருந்தேன். பக்கத்தில் ஒட்டு மிளகாய் நிற்கிறது, தேனீ இரண்டையும் கலந்துவிடும். நான்கு காய் பிடித்தது. நிழலில் உலர்ந்து, இப்போது அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியில் இருக்கின்றன.