மலை ஊர்க்காரர்களே, ‘வாட்டர்ப்ரூஃப்’ ஷட்டர் மோட்டாரை நம்பாதீர்கள்

வால்பாறை, ஆனைமலை அடிவாரம், சிறுவாணிப் பக்கம் என்று ஈரம் அதிகமுள்ள ஊர்களில் கார் ஷெட் ஷட்டருக்கு ரிமோட் மோட்டார் போட நினைத்திருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கோயம்புத்தூரில் ஒரு கடை எங்களுக்கு விற்றதையும், அப்புறம் சர்வீஸ் என்ற பெயரில் செய்ததையும் எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. அந்த ஒரு பெயரைத் தெரிந்துகொண்டு நீங்கள் அடுத்த கடைக்குப் போனால் அங்கேயும் இதே பேச்சுதான் இருக்கும். பேச்சைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

வால்பாறையில் கார் ஷெட்டுக்கு மோட்டார் எதற்கு, சோம்பேறித்தனமா என்று சமவெளிக்காரர்கள் கேட்கலாம். ராத்திரி 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, இருட்டில் இறங்கி நின்று ஷட்டரைத் தூக்கிப் பாருங்கள், தெரியும். யானை பக்கத்தில் நின்றால் எச்சரிக்கச் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். சிறுத்தைக்கும் கரடிக்கும் அப்படி விளக்கு கிடையாது. காருக்குள் இருந்தபடியே திறந்து, உள்ளே போய், மூடிய பிறகு இறங்க வேண்டும். எங்களுக்கு இது வசதிக்கான பொருள் இல்லை.

கடையில் நான் முதலில் சொன்னதே ஊர் பெயரைத்தான். சின்னக்கல்லாறு எங்களுக்குப் பக்கம், தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று. ஜூன் பிறந்தால் செப்டம்பர் வரை மழை, மழை விட்டால் மூடுபனி. சுவரெல்லாம் ஓதம், பீரோவில் தொங்கும் பெல்ட்டில்கூட பூஞ்சணம் என்று எல்லாம் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். “அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்ணா. இது ஐபி65. தண்ணிக்குள்ள போட்டாலும் ஓடும்.” நான் கேட்டதும் வாட்ஸ்அப்பிலும் அதையே எழுதி அனுப்பினார்: வாட்டர்ப்ரூஃப், ஐபி65, ஜிஐ தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு), ஒரு வருட வாரண்டி.

இந்த ஐபி எண்ணைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்று முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. முதல் எண் விரல், தூசி மாதிரி திடப்பொருளுக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. ஐபி20 என்றால் விரல் உள்ளே போகாது, தண்ணீருக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. ஐபி44 என்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். ஐபி65 என்றால் தூசி புகாது, குழாயால் பீய்ச்சினாலும் தாங்கும். தண்ணீருக்குள் முக்குவதற்கு இரண்டாவது எண் 7 அல்லது 8 இருக்க வேண்டும். ஆக, ‘தண்ணிக்குள்ள போட்டாலும் ஓடும்’ என்பது அவர் சொன்ன எண்ணின்படியே பொய்.

ஆனால் மலையில் மோட்டாரைக் கொல்வது வெளியிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீர் இல்லை. ஷட்டர் மோட்டார் ஷெட்டுக்கு உள்ளே, கூரைக்கு அடியில்தானே இருக்கிறது? மழை அதன் மேல் படுவதே இல்லை. மோட்டார் ஓடும்போது சூடாகி உள்ளிருக்கும் காற்று வெளியேறும். நின்று ஆறும்போது ஷெட்டில் இருக்கும் ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது குளிர்ந்து, மோர்ச் செம்பு வெளியே வேர்ப்பதுபோல, கவருக்கு உள்பக்கம் வேர்க்கும். தினமும் சில சொட்டு. எந்த ஐபி எண்ணும் இப்படி உள்ளே கோத்துக்கொள்ளும் நீரைச் சோதித்துத் தருவதில்லை. அதனால்தான் நல்ல மோட்டாரில் அடிப்பக்கம் ஒரு சின்ன வடிகால் துளை விட்டிருப்பார்கள். எங்களுக்கு மாட்ட வந்த பையன்கள் செய்த முதல் வேலை, அந்தத் துளை உட்பட எல்லா இடுக்கிலும் சிலிக்கோன் பசை அடித்து மூடியது. “இனி ஒரு சொட்டு போகாதுங்ணா” என்றார்கள். உண்மைதான். ஒரு சொட்டு வெளியேயும் போகவில்லை.

ஜூலையில் ஆரம்பித்தது. ஷட்டர் சுவிட்சைத் தட்டினால் வீடு முழுக்க கரண்ட் போகும். கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருந்தது. கடையிலிருந்து ஆள் வந்தான், மேலே ஏறி ஏதோ செய்தான், ஓடியது. கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டான். அடுத்து சென்சார். ஷட்டர் இறங்கும்போது குறுக்கே ஆள் வந்தால் நிறுத்தும் கண் மாதிரியான பொருள், இருபக்கமும் ஒன்று. மூடுபனியில் அதன் கண்ணாடி மங்கிவிடும், குறுக்கே யாரோ நிற்பதாக நினைத்துக்கொண்டு ஷட்டர் பாதியில் நிற்கும். அதற்கும் ஒரு ஆள் வந்தான், ‘செட்டிங்’ மாற்றினான், அப்புறம் நிற்கவே இல்லை.

எங்கள் ஊர் வயர்மேன் வேறு வேலையாக வந்தபோது மேலே எட்டிப் பார்த்துவிட்டு, மெயினை அணைத்துவிட்டுத்தான் கீழே இறங்கினார். மோட்டார் லைனை ஆர்சிசிபியைத் தாண்டி நேராக இழுத்திருந்தார்கள். சென்சார் இரண்டையும் கழற்றாமல் வைத்துவிட்டு, மோட்டாரைக் கட்டுப்படுத்தும் போர்டில் அதற்கான இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருந்தார்கள். சென்சார் பார்வைக்கு இருக்கும், வேலை செய்யாது. அமெரிக்காவில் 1993 முதல் வீட்டு கராஜ் கதவு மோட்டாரில் அடியில் ஆள் சிக்காமல் தடுக்கும் ஏற்பாடு கட்டாயம். சின்னக் குழந்தைகள் கதவுக்கடியில் மாட்டிச் செத்த பிறகு வந்த சட்டம் அது. இங்கே அதைத் துண்டு வயரால் முடித்துவிட்டார்கள், அக்கா குழந்தைகள் லீவுக்கு வந்து ஷெட்டில் விளையாடும் வீட்டில்.

ஆர்சிசிபி சும்மா விழவில்லை. அது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கிற பொருள். மோட்டார் காயிலில் ஈரம் ஏறி, கரண்ட் இரும்புக்குக் கசிந்துகொண்டிருந்தது. அந்த இரும்பில்தான் ஷட்டர் மாட்டியிருக்கிறது. அம்மா தினமும் ஈரக்கையோடு அந்த ஷட்டரைத் தொட்டுக்கொண்டுதான் பூப்பறிக்கப் போவார். மோட்டார் கெட்டுப்போனதை நான் எப்போதோ மறந்திருப்பேன். இதை மறக்க முடியவில்லை. எந்த ஆளாவது ‘ட்ரிப் ஆகுது, நேரா குடுத்துர்றேன்’ என்று சொன்னால் ஏணியிலிருந்து இறங்கச் சொல்லுங்கள்.

மோட்டாரைக் கழற்றிக் கணபதி என்ற பகுதியில் காயில் கட்டும் பட்டறைக்குக் கொண்டு போனேன். பம்பு மோட்டார் செய்கிற ஊர் கோயம்புத்தூர், மோட்டாரைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. பட்டறைக்காரர் கரண்ட் கசிவைக் காட்டும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தார், ஒரு மெகா ஓம்கூட காட்டவில்லை. கவரைத் திறந்ததும் டம்ளரில் பிடிக்கிற அளவுக்குத் தண்ணீர் சாய்ந்தது. போர்டில் ரிலே காலெல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது, கூடவே செத்துக் காய்ந்த பல்லி ஒன்று. “தம்பி, இது ஐபி65னு யார் சொன்னது?” என்று கேட்டுவிட்டு, ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். கீழே கம்பெனி ஒட்டிய அசல் லேபிள் இருந்தது. ஐபி20.

ஜிஐ தகடு என்று விற்றதும் அதே கதைதான். சாதாரண இரும்புத் தகட்டில் சில்வர் பெயிண்ட். நிறைய பேர் காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், அது இங்கே உதவாது. துத்தநாகம் பூசிய தகட்டிலும் காந்தம் ஒட்டும், உள்ளே இரும்புதானே. வெளியே தெரியாத ஒரு மூலையில் சாவியால் கீறினால் பெயிண்ட் செதிலாக உரியும், அடியில் கறுத்த இரும்பு தெரியும். துத்தநாகப் பூச்சு அப்படி உரியாது. காந்தம் ஸ்டெயின்லெஸ் என்று சொல்லித் தருகிற போல்ட்டுகளுக்கு உதவும்: 304 வகை பெரும்பாலும் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான்.

கடைக்குப் போனேன். சிரித்த முகம் இல்லை. வாரண்டி அட்டையில் பொடி எழுத்தைக் காட்டினார்: ஈரத்தாலும் தண்ணீராலும் வரும் பழுதுக்கு வாரண்டி இல்லை. வாட்டர்ப்ரூஃப் என்று விற்ற பொருளுக்கு! பில்லை எடுத்துக் காட்டினேன். அதில் ‘ஷட்டர் மோட்டார் - 1’ என்று மட்டும் இருக்கிறதாம், மாடலும் ஐபி எண்ணும் எங்கே என்று என்னையே கேட்டார். ஆனால் வாட்ஸ்அப் செய்தியை அவர் மறந்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் அந்தச் செய்தி, இரண்டு லேபிள் போட்டோ, பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் வைத்துப் புகார் பதிந்தேன். கொஞ்ச நாள் இழுத்தடித்துவிட்டு மோட்டார் காசை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். தகட்டுக் காசும் மாட்டிய கூலியும் வரவில்லை.

இப்போது பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வந்து வேறு போட்டிருக்கிறார். அவர் வாட்டர்ப்ரூஃப் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. முதலில் கேட்டது, “போர்டை வீட்டுக்குள்ள கொண்டு போக முடியுங்களா?” என்றுதான். மோட்டார் மட்டும் ஷெட்டில், கன்ட்ரோல் போர்டு சமையலறைச் சுவரில், ஈரம் ஏறாமல் காக்கும் லாக்கர் (வார்னிஷ் மாதிரி) பூச்சுள்ள போர்டாக. வடிகால் துளை கீழ்ப்பக்கம் பார்த்துத் திறந்தே இருக்கிறது. கேபிள் அடியிலிருந்து ஒரு வளைவு வாங்கி ஏறுகிறது, வழிகிற நீர் வளைவிலேயே சொட்டிவிடும், கேபிள் நுழையும் துளையை இறுக்கி மூடும் கிளாண்டும் போட்டிருப்பதால் பல்லியும் நுழையாது. கரண்ட் இல்லாதபோது தூக்கும் கைச்சங்கிலியைக் கைக்கெட்டும் இடத்தில் தொங்கவிட்டார். பழைய ஆட்கள் அதைச் சுருட்டி மேலே கட்டிவிட்டார்கள், அங்கேயே துருவேறி இறுகிக் கிடந்தது. மோட்டார் செயினுக்கு ஜூனுக்கு முன்னால் ஒருமுறையும் மழை முடிந்து ஒருமுறையும் கிரீஸ் வைக்கச் சொன்னார். ஈரம் சேராமல் சூடாக இருக்க, அந்தக் காலத்தில் செய்வதுபோலப் பெட்டிக்குள் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியவிடலாமா என்று கேட்டேன். எல்இடி பல்பில் அந்தச் சூடு வராது, போர்டே உள்ளே போய்விட்டதால் தேவையும் இல்லை என்றார்.

ஷட்டருக்குப் பதில் கூரையோரமாக மடிந்து போகும் பேனல் கதவு போடுகிறவர்கள் செயின் வகையை விட்டு பெல்ட் வகை கேளுங்கள், துருப்பிடிக்க அதில் செயின் இல்லை. ஸ்பிரிங்கைப் பூச்சுள்ளதாகக் கேளுங்கள், சாதாரணமாக அது 10,000 முறை திறந்து மூடுவதற்குக் கணக்கிட்டதுதான். துருப்பிடித்தால் அதற்கு முன்பே போகும், அதை நீங்களாகக் கழற்றப் போகாதீர்கள்.

தகட்டுக் காசுக்கு நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, பிரச்சனை வந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். உங்கள் மோட்டாரிலும் ஸ்டிக்கர் கொஞ்சம் தடிமனாகத் தெரிந்தால், முதலில் மெயினை அணையுங்கள். ஹேர் டிரையர் சூட்டில் ஓரத்தை மெதுவாக உரித்து, இரண்டும் ஒன்றாகத் தெரிகிறபடி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கடைக்குப் போன் செய்யுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.