காவிரியில் கயாக் விட ஆப்பில் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

பெங்களூரில் இருக்கும் நம் ஆட்கள் யாராவது இந்த வாரம் காவிரிக்கரைக்கு ஒருநாள் கயாக் பயணம் போகலாம் என்று திட்டம் போட்டிருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் தயவுசெய்து இதைப் படியுங்கள். எனக்குப் போனது 18,400 ரூபாய். பணம் போனது ஒரு பக்கம், பிள்ளைகளை அந்தத் தண்ணீரில் இறக்கப் பார்த்தார்களே, அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பெயர் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் அது இது என்று வரும், வேண்டாம் என்கிறார்கள் வீட்டில். மலையேற்றம், கூடாரம், படகு என்று வாரக் கடைசிப் பயணங்களுக்கு முன்பதிவு செய்கிற ஆப்களில் ஒன்று, அவ்வளவுதான் சொல்ல முடியும். இந்த மாதிரிப் பயணத்தை எப்படிப் பார்த்துத் திட்டமிட வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

சேலத்திலிருந்து அண்ணன் குடும்பம் வந்திருந்தது. எங்களையும் சேர்த்து எட்டுப் பேர். அண்ணன் மகள் எட்டாவது படிக்கிறாள், இந்தத் தடவை அத்தை வீட்டுக்கு வந்தால் கயாக் விட்டே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கனகபுரா ரோட்டில் போய் சாத்தனூர், ஹலகூர் தாண்டினால் முத்தத்தி, பீமேஸ்வரி. இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர், விடிகாலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு வந்துவிடலாம். போனவர்களுக்குத் தெரியும், கரையெல்லாம் நீர்மருது, இரண்டு பக்கமும் காடு, பாறை மேல் முதலை வெயில் காயும். பெங்களூருக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஓர் ஆறு இருப்பதே பெரிய பாக்கியம் என்று நினைக்கிறவள் நான்.

ஆப்பில் தலைக்கு 1,550, எட்டுப் பேருக்கு 12,400. கட்டிக் கொஞ்ச நேரத்தில் பயணத்தை நடத்துகிறவரிடமிருந்து போன் வந்தது. கன்னடத்தில் ஆரம்பித்தவர், என் பேச்சைக் கேட்டதும் "அக்கா, நீங்க தமிழா? எனக்குத் தர்மபுரி அக்கா, நம்ம ஊர்க்காரங்கன்னா நானே கூட வர்றேன்" என்றார். அப்புறம் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன வயது, என்ன எடை என்று ஒன்றொன்றாகக் கேட்டு, லைஃப் ஜாக்கெட் சைஸ் சரியாக எடுத்து வைக்க வேண்டும், சின்னவனுக்குப் பெரிய ஜாக்கெட் போட்டால் தண்ணீரில் கழுத்து வழியாக நழுவிவிடும் என்று அவரே விளக்கமும் சொன்னார். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நம்பத்தான் செய்வார்கள். அதைச் சொல்லி முடித்த கையோடுதான் கேட்டார்: "நாம போறது காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள்ள அக்கா, ஃபாரஸ்ட் பர்மிட் தனி. தலைக்கு 750. ஆப் வழியா வந்தா லேட்டாயிடும், இந்த நம்பருக்கு யுபிஐ பண்ணிடுங்க, இன்னைக்கே கட்டி வாங்கிடறேன்." சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும் என்பது உண்மை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த உண்மையைக் காட்டித்தான் வாங்கினார். 6,000 அனுப்பினேன். ஆக மொத்தம் 18,400.

ஞாயிற்றுக்கிழமை அவர் அனுப்பிய லொகேஷனைப் பிடித்துப் போனால் வனத்துறை செக்போஸ்ட்டில் போய் நிற்கிறது. காவலர் பர்மிட் எங்கே என்றார். ஏற்பாடு செய்தவரிடம் இருக்கிறது என்றேன். அந்தப் பெயரில் இன்றைக்கு எதுவுமே இல்லை என்று நோட்டைத் திருப்பி எங்களுக்கே காட்டினார். போன் அடித்தால் எடுக்கவில்லை. வெயிலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நின்று நின்று, கடைசியில் ஒரு ஆம்னி வேனில் இருபது வயதுகூட இருக்காது, ஒரு பையன் வந்தான். "அண்ணன் வரல. இந்தப் பக்கம் வேணாம், தோட்டத்து வழியா ஆத்துக்கு இறங்கிடலாம், யாரும் பாக்க மாட்டாங்க" என்கிறான்.

சரி, எதற்கும் பார்ப்போம் என்று அண்ணனும் என் வீட்டுக்காரரும் அவன் பின்னால் கரைவரை போனார்கள், நாங்களும் போனோம். வேனிலிருந்து இறக்கியது காற்றடிக்கிற கயாக் இரண்டே இரண்டு, எட்டுப் பேருக்கு. ஒன்றின் அடியில் சைக்கிள் ட்யூபுக்கு ஒட்டுவது போல வரிசையாகப் பஞ்சர் ஒட்டு. லைஃப் ஜாக்கெட்டை எடுத்துச் சின்னவனுக்கு மாட்டிப் பார்த்தேன். ஒரு பக்கிள் இல்லவே இல்லை, அந்த இடத்தில் சணல் கயிறு கட்டியிருந்தது. இன்னொரு பக்கிள் கிளிக் என்று மாட்டுகிறது, லேசாக இழுத்தால் கழன்று வருகிறது. தோள் பக்கம் துணி கிழிந்து உள்ளே இருக்கிற ஃபோம் பொடிப்பொடியாகக் கையில் ஒட்டியது. எடை கேட்டு எழுதிக்கொண்டாரே, எங்கே அந்த சைஸ்? எல்லாம் பெரியவர் சைஸ்.

ஆறு செம்மண் கலரில் போய்க்கொண்டிருந்தது. கரையில் ஒரு பெரியவர் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு அவராகவே எழுந்து வந்து, "அம்மா, பிள்ளைங்கள ஏத்தாதீங்க. மேல தொறந்து விட்டிருக்காங்க, காலையில அந்தப் பாறை தெரிஞ்சது, இப்ப பாருங்க" என்று கையைக் காட்டினார். பாறை இருந்த இடத்தில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. மேலே இருக்கிற கேஆர்எஸ் அணை அதன் முழு அளவான 124.8 அடியை நெருங்கினால் திறந்துவிடத்தான் செய்வார்கள், கபினித் தண்ணீரும் டி. நரசிபுராவில் வந்து சேர்ந்துவிடும். குடகிலும் வயநாட்டிலும் மழை என்றால், இங்கே ஒரு சொட்டு விழாமலே ஆறு ஏறும். இதே தண்ணீர்தான் சங்கமா, மேகதாது தாண்டி ஒகேனக்கல் போகிறது. அங்கே அன்று காலையிலேயே பரிசல் இயக்கத் தடை என்று தமிழ்ச் செய்தியில் வந்துவிட்டது. ஆற்றிலேயே தொழில் என்று சொல்கிற ஆளுக்கு இது தெரியாமல் இருக்குமா? முந்தின நாள் ராத்திரிகூட "தண்ணி நார்மல் அக்கா, பயப்படாம வாங்க" என்று மெசேஜ் போட்டிருக்கிறார். அந்த மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஏற மாட்டோம் என்று திரும்பிவிட்டோம். அண்ணன் மகள் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கப்புறம்தான் அலைக்கழிப்பு. சாயங்காலம் போனை எடுத்தவர், அக்காவும் இல்லை ஒன்றும் இல்லை, "மேடம், எங்க ஆள் வந்தான், போட் வந்துச்சு, நீங்கதான் ஏறல" என்றார். பணம் ஆப்பில் இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்று வைத்துவிட்டார். ஆப்பில் கேட்டால் நாங்கள் இடையில் இருப்பவர்கள் மட்டும்தான், நடத்துபவரிடம் கேளுங்கள் என்கிறார்கள். பர்மிட் பணம் 6,000 வெளியே கட்டியது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று தனியாக ஒரு பதில். ஜாக்கெட் போட்டோ, பஞ்சர் ஒட்டு போட்டோ எல்லாம் அனுப்பினேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று வரும், அடுத்த தடவை பேச வருகிறவருக்கு ஒன்றுமே தெரியாது, மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். கடைசியில் வாடிக்கையாளரே ரத்து செய்தது என்று எழுதிப் புகாரை மூடிவிட்டார்கள். பதிலுக்கு ஒரு கூப்பன், அதுவும் மூன்று மாதத்துக்குள் அதே ஆளிடம் போக வேண்டுமாம். நான் எழுதிய விமர்சனமும் இப்போது அந்தப் பக்கத்தில் இல்லை. "அக்கா அக்கா" என்று பேசியவர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். 18,400 ரூபாய், எங்களுக்கு இது சாதாரணக் காசு இல்லை.

திட்டமிடுவது பற்றி விரிவாக எழுத நினைத்தேன், கோபத்தில் ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆப்புக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், பர்மிட் என்றால் உங்கள் பெயர் போட்ட சீட்டின் போட்டோ வந்த பிறகுதான் காசு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கிளம்புகிற அன்று காலை ஒகேனக்கல் நீர்வரத்துச் செய்தியைப் பாருங்கள், அங்கே பரிசலுக்குத் தடை என்றால் இங்கேயும் இறங்காதீர்கள். ஜாக்கெட்டின் எல்லா பக்கிளையும் மாட்டி இழுத்துப் பாருங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள், சேவைக் குறைபாடு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் இரண்டிலும் புகார் கொடுத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே இடம், அதே 1,550 என்று ஆப்பில் போட்டிருக்கிறார்கள். யாராவது கட்டியிருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள், அந்த ஆளின் நம்பரையும் ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்புகிறேன், ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு உடனே ரத்து செய்யுங்கள்.