விறகா, கேஸா, கரியா? மலைவீட்டு அடுப்புகள் பற்றி

கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீட்டில் மூன்றும் உண்டு. சமவெளியில் அடுப்பு என்றால் சமையல். இங்கே சோறு, குளிக்க வெந்நீர், குளிர்காய்வது எல்லாம் அதுதான். சிலிண்டர் வந்த அன்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "இதுல குளிர் போகுமாடா?"

விறகுக்குக் காசு கிடையாது. சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) தோட்டத்து ஓரத்திலேயே கிடைக்கும். ஆனால் மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் ஊரில் விறகு எங்கே காய்கிறது? ஈர விறகு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். ஊதுகுழலோடு அம்மா குனிந்தால் முகத்துக்கும் அடுப்பு வாய்க்கும் ஒரு முழம்தான் இடைவெளி. நிமிரும்போது இமை ஓரத்தில் சாம்பல் ஒட்டியிருக்கும், கண் சிவந்து நீர் வழியும். பீடி, சிகரெட் வாசனையே அறியாதவர். ஆனாலும் மூச்சிரைப்பு வந்தது. குழாயில் ஊதவைத்துப் பார்த்த டாக்டர், "எத்தனை வருஷமா விறகுல சமைக்கிறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய். இப்போது முந்தானையில் முடிந்த சாவியோடு இன்ஹேலரும் சேர்ந்துவிட்டது.

கண்ணை எரிப்பதோடு புகை நிற்பதில்லை. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள், அதாவது தலைமுடி தடிமனில் 30ல் ஒரு பங்கு, நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும். கனமீட்டர் காற்றில் இது ஆண்டு சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது. புகைபோக்கி இல்லாத சமையலறையில் அடுப்பு எரியும் நேரத்தில் அது பல நூறைத் தொடும். குழந்தைகளுக்கு நிமோனியா, பெண்களுக்குக் கண்புரை, இதய நோய் எல்லாம் இதோடு சேர்த்துப் பேசப்படுபவை.

புகைபோக்கி வைத்தால்? மத்திய அமெரிக்காவில் கௌதமாலா நாட்டு மலைக் கிராமங்களில் ஆய்வாளர்கள் செய்து பார்த்தார்கள். குழந்தைகள் சுவாசித்த கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு பாதியானது, கடுமையான நிமோனியாவும் குறைந்தது. ஆனால் மொத்த நிமோனியா உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மாலையில் குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும்போது என் வீட்டுப் புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள்தான் போகும்.

கேஸ் நிச்சயம் மேல். நம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் சேர்த்து நான்கு நாடுகளில் நடந்த ஆய்வில், கேஸுக்கு மாறிய கர்ப்பிணிகள் சுவாசித்த துகள் 24 மைக்ரோகிராம் அளவில் இருந்தது. விறகிலேயே இருந்தவர்களுக்கு 71. ஆனால் பிறந்த குழந்தையின் எடையில் வித்தியாசம் தெரியவில்லை என்று 2022ல் வந்த முடிவு சொன்னது. இதை மறைத்துவிட்டு கேஸைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனாலும் அம்மா அந்தப் புகைக்குள் குனியாமல் இருப்பதே எனக்குப் போதும். 14.2 கிலோ சிலிண்டரை ரோட்டிலிருந்து படிக்கட்டில் தூக்கி வருவதுதான் பாடு.

எனக்குப் பயம் கரிமேல்தான். நன்றாகக் கனிந்த கரியில் புகை வராது, அதனால் 'சுத்தமானது' என்று நம்பிக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விறகுப் புகையாவது இருமவைத்து வெளியே துரத்தும், இது தூங்கவைத்துவிடும். மலைக்குச் சுற்றுலா வந்து, அறைக்குள் கரியைக் கனியவைத்துவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தியை நாம் படித்துத்தான் இருக்கிறோம்.

இப்போது எங்கள் வீட்டில் சமையல் முழுக்க கேஸில். வெந்நீருக்கு மட்டும் விறகு, அதுவும் வெளியே, பக்கச் சுவர் இல்லாத தகரக் கொட்டகையில். ஒரு பருவம் முழுக்கக் காயப்போட்ட கட்டையைத்தான் எடுக்கிறோம். உறைபனி விழும் தை மாதத்தில் அம்மாவுக்கு இரண்டு கம்பளி, காலடியில் வெந்நீர்ப் பை. கரிச்சட்டி முற்றத்தோடு சரி, வாசல்படி தாண்டி உள்ளே வராது.