பழைய வெள்ளி ரூபாய் வாங்குபவர்கள் கவனத்திற்கு

ஆன்லைனில் யாரிடமாவது பழைய வெள்ளி ரூபாய் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்புமுன் இதைப் படித்துவிடுங்கள்.

சின்ன வயதில் நாணயம் சேர்த்தவன் நான். ஓட்டைக் காலணா, தாமரை போட்ட பித்தளை இருபது பைசா, ஓரம் நெளிந்த பத்து பைசா எல்லாம் தாத்தா கொடுத்தவை. படிப்பு, வேலை என்று விட்டுப்போன பழக்கம், வீடு மாறும்போது அந்தக் காசுகளைப் போட்டுவைத்த பவுடர் டப்பா கையில் கிடைத்ததும் மறுபடி தொற்றிக்கொண்டது. அந்த வயதில் ஆசைப்பட்டும் கிடைக்காத ஒன்று, 1911-ல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். ராஜாவின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்று பெரும்பகுதியை உருக்கிவிட்டது. கிராக்கிக்குக் காரணம் அதுதான்.

"எங்க தாத்தா பெட்டியில இருந்தது சார், சத்தியமா ஒரிஜினல்" என்று ஒருவர் வீடியோ காலில் காட்டினார். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் அனுப்பினேன். லேமினேஷன் செய்த 'சான்றிதழோடு' கூரியர் வந்தது.

தெரு முனை நகைக்கடையில் எடை போட்டால் 9.3 கிராம். அசல் ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். தேய்ந்தாலும் கொஞ்சம்தான் குறையும், இரண்டு கிராமுக்கு மேல் காணாமல் போகாது. லென்ஸ் வைத்துப் பார்த்தோம். ராஜாவின் கன்னத்தில் ஊசியால் குத்தியது போலப் பொடிக் குழிகள். அசல் போல அச்சில் அடிக்காமல், உருக்கி வார்த்த காசில்தான் அப்படி வரும். விளிம்பைச் சுற்றி வார்ப்பு சேர்ந்த தடம், அதை அரம் போட்டு மழுப்பியிருக்கிறார்கள். யானை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேடு.

கூடவே 'அன்பளிப்பாக' 1818 என்று பொறித்த, ராமர் பட்டாபிஷேகம் போட்ட அரை அணா ஒன்று. கிழக்கிந்திய கம்பெனி அப்படி ஒரு அரை அணாவை வெளியிட்டதே இல்லை. ரைஸ் புல்லிங், அதாவது அரிசியை இழுக்கும் அபூர்வக் காசு என்று சொல்லி லட்சக்கணக்கில் ஏமாற்றுகிறவர்களும் இந்த மாதிரிக் காசைத்தான் காட்டுகிறார்கள். அதற்கு அப்படி ஒரு சக்தியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

ஆளைக் கேட்டால், "கூரியர்ல மாத்தியிருப்பாங்க" என்றார். அப்புறம் நம்பரை பிளாக் செய்துவிட்டார். சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன், வங்கியிலும் எழுதிக் கொடுத்தாயிற்று. பணம் இன்னும் வரவில்லை.

தயவுசெய்து காசைத் தராசில் வைத்து, எடை தெரிகிற மாதிரி வீடியோ கேளுங்கள். விளிம்பையும் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அசல் வைத்திருப்பவர் தயங்க மாட்டார். சான்றிதழ் அட்டையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதை நம்பாதீர்கள். உங்கள் காசை லட்சத்துக்கு வாங்குகிறேன், முதலில் கமிஷன் கட்டு என்று ரிசர்வ் வங்கி பெயரில் யாராவது பேசினால் போனை வைத்துவிடுங்கள். அப்படி எதுவும் தாங்கள் செய்வதில்லை என்று 2021-லேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது.

அந்த ஆள் இப்போது வேறு பெயரில் விற்கிறார். படம் மட்டும் அதேதான்: ராஜாவின் காதுக்குக் கீழே குறுக்காக ஒரு கீறல், பின்னால் பச்சை வெல்வெட் துணி. அந்தப் படத்தைப் பார்த்தால் அட்வான்ஸ்கூட அனுப்பாதீர்கள்.