நீலப் பாஸ்போர்ட்: அட்டை அருமை, உள்ளே சரக்கு குறைவு

ரைஸ் குக்கருக்கும் ஏர் ஃபிரையருக்கும் விமர்சனம் எழுதுகிறோம். 2025-இல் 94.50 பவுண் கொடுத்து வாங்கின பிரித்தானிய நீலப் பாஸ்போர்ட்டைப் பற்றி மட்டும் யாரும் எழுதக் காணவில்லை. என்னுடைய பழைய கருஞ்சிவப்புப் புத்தகம் முடிந்து, 2025 கோடையில் புதியது எடுத்தேன். இணையத்தில் விண்ணப்பித்தது, படம் ஏற்றியது எல்லாம் சுகமாக முடிந்தது. சேவைக்குக் குறை சொல்ல மாட்டேன்.

பார்க்க அழகுதான். நீலம் என்கிறார்கள், வீட்டு வெளிச்சத்தில் கறுப்பாகத்தான் தெரிகிறது. பின் அட்டையில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்ற நான்கு நாட்டுப் பூக்களையும் புடைப்பாக அச்சடித்திருக்கிறார்கள். படம் இருக்கிற பக்கம் கெட்டிப் பிளாஸ்டிக், வளையாது.

1988 முதல் கருஞ்சிவப்பாக இருந்ததை, ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறும் பெருமைக்காக நீலமாக்கினார்கள். முதல் புத்தகங்கள் 2020 மார்ச்சில் வந்தன. தயாரிப்பு ஒப்பந்தத்தில் டி லா ரூ என்ற பிரித்தானிய நிறுவனம் தோற்றது. இன்று தாலெஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்காகப் போலந்தில் அச்சாகிறது. குரோஷியாவோ யூனியனுக்குள் இருந்துகொண்டே நீலப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறது. நிறத்துக்காகவென்றால் வெளியேறவே தேவையிருக்கவில்லை.

சரி, பாவனைக்கு எப்படி? என்னைப் போல லண்டனில் இருந்துகொண்டு பாரிஸ், ஜேர்மனி, சுவிஸ் என்று சொந்தக்காரர் சிதறிக் கிடக்கிற ஆளுக்கு இங்கேதான் இடிக்கிறது. 2016 ஜூனில் யூனியனை விட்டு வெளியேற 52 வீதம் பேர் போட்ட வாக்கின் பலன் 2021 ஜனவரி 1 முதல் கைக்கு வந்தது. அதற்கு முன் அங்கே எவ்வளவு காலம் தங்கினாலும் யாரும் நாள் எண்ணவில்லை. இப்போது எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான்.

தங்கச்சியின் பிள்ளைப்பேறுக்கு ஸ்டுட்கார்ட் போன அம்மாவுக்கு இந்தக் கணக்கை விளக்க நான் பட்ட பாடு! அங்கே துடக்குக் கழித்து, குழந்தையைக் கொஞ்ச நாள் வளர்த்துவிட்டு, அப்படியே சுவிஸில் மாமா வீட்டில் ஒரு மாதம் நிற்பதாகத் திட்டம். "சுவிஸ்தான் யூனியனில் இல்லையே பிள்ளை" என்றார். இல்லைத்தான். ஆனால் உள் எல்லைச் சோதனை இல்லாத நாடுகளின் கூட்டான ஷெங்கனில் இருக்கிறதே, இரண்டையும் கூட்டித்தான் எண்ணுவார்கள். கடைசியில் மாமா வீட்டுப் பயணம் ஒரு வாரமாகச் சுருங்கியது. மாமிக்கு இன்னும் கோபம். அது எங்கள்மேல், அரசாங்கத்தின்மேல் இல்லை.

அடுத்தது சாப்பாட்டுப் பை. லண்டன் ஹாரோவில் வாங்கின மட்டன் ரோல்ஸைப் பாரிஸில் லா சப்பலுக்கு அருகே இருக்கிற மச்சாளுக்குக் கொண்டுபோக முடியாது. இறைச்சியும் பாலும் தடை, நெய்யும் அதற்குள் அடக்கம். 2021 தொடக்கத்தில் ஹொலண்ட் துறைமுகத்தில் லொறி சாரதிகளின் ஹாம் சாண்ட்விச்சைப் பறித்ததை டீவியில் பார்த்து நாங்களும் சிரித்தோம். கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். ஆனால் மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி, கருவாடும் அதில் சேரும். பக்கத்து இருக்கைக்காரர் என்ன சொல்வார் என்பது வேறு கதை.

வரிசையும் கூடிவிட்டது. பாரிஸுக்கு ரயில் ஏறுகிற லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தில் பிரெஞ்சுப் பொலிஸின் தானியங்கிக் கதவைத் தாண்டின பிறகும், முத்திரை குத்த இன்னொருவர் முன்னால் நின்றோம். 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் எடுக்கிற முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கைரேகை கிடையாது.

மச்சாளின் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டால் என்னுடையது தோற்றுத்தான் போகிறது. அவள் நாளைக்கே மூட்டையைக் கட்டி மியூனிக்கில் வேலைக்குச் சேரலாம். எனக்கு விசா வேண்டும். ஆனால் அவளுக்கும் லண்டன் வர இப்போது மின்னணு அனுமதி தேவை, முன்போல அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே வரவும் முடியாது. நஷ்டம் இரண்டு பக்கமும் உண்டு. அயர்லாந்துப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள்தான் இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள். தாத்தாவோ பாட்டியோ அங்கே பிறந்திருந்தால் அதற்கு முயற்சி செய்யலாம். என் பாட்டி பிறந்தது சாவகச்சேரியில்.

தயாரிப்புத் தரத்துக்கு ஐந்தில் நான்கரை, பயனுக்கு இரண்டரை. 2020-இல் 75.50 பவுணுக்குக் கிடைத்தது இது, அப்போதே எடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள். புதிதாக எடுக்கிறவர்களுக்கு ஒன்று: சாதாரணப் புத்தகம் 34 பக்கம், கூடக் காசு கட்டினால் 54 பக்கம். ஷெங்கன் நாடுகளுக்கு மட்டும் போய் வருகிற ஆள் என்றால் பெரியதை எடுக்காதீர்கள். இனி அங்கே முத்திரை குத்துகிற வேலையே இல்லை.