தாழி எலும்புக்கு எந்தப் பசை?

கொந்தகை, ஆதிச்சநல்லூர் மாதிரி அகழாய்வு இடங்களில் முதுமக்கள் தாழிக்குள் (அந்தக் காலத்தில் இறந்தவரை வைத்துப் புதைத்த பெரிய பானை) மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் எலும்பு பல நேரம் விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். எலும்புக்கு இழுவை தருவது கொலாஜன் என்ற புரதம், அதை வெப்பமும் ஈரமும் நுண்ணுயிரிகளும் சேர்ந்து தின்றுவிடுகின்றன, மண்ணில் அமிலம் அதிகமிருந்தால் மிச்சமிருக்கும் சுண்ணாம்புச் சத்தும் கரைந்துபோகும். அதனால் எடுப்பதற்கு முன் எதையாவது ஊற்றி இறுக்கிவிடலாமா என்று கை பரபரக்கும். எதை ஊற்றுவது?

அந்தக் காலத்து அரக்கும் வஜ்ரமும் இப்போது வேண்டவே வேண்டாம். அரக்கு நாளாக ஆகப் பழுப்பேறி நொறுங்கும், கரைத்து எடுப்பதும் கடினம். வஜ்ரம் விலங்கின் கொலாஜனிலிருந்து வருவது, எனவே பின்னால் எலும்பின் வயதை அறியக் கார்பன் காலக்கணிப்பு செய்தால் எலும்பின் கொலாஜன் எது, பசையின் கொலாஜன் எது என்று பிரிப்பது பெரும் தலைவலி.

அடுத்தது தச்சர்கள் மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசை வகை, பிவிஏ. மலிவு, எங்கும் கிடைக்கும், தண்ணீரில் கலப்பதால் ஈர எலும்பிலும் இறங்கும். ஆனால் 30 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கும் சமாச்சாரம் அது. மதுரையில் மின்விசிறி மட்டும் ஓடும் ஒரு சேமிப்பறையில் சித்திரை மாதம் என்ன ஆகும்? பிசுபிசுத்துத் தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

என் ஓட்டு பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினுக்கு. அசிட்டோனில் 5 சதவீதம் அளவுக்குக் கரைத்துத் துளித்துளியாக விட்டால் உள்ளே இறங்கும், பல வருடம் கழித்தும் அதே அசிட்டோனில் கரைத்து எடுக்கலாம், இளகும் வெப்பமும் 40 டிகிரியை ஒட்டி. (நம் கோடைக்கு அதுவும் கொஞ்சம் இழுபறிதான், தகரக் கொட்டகையில் வைத்துவிடாதீர்கள்.) ஆனால் எலும்பு காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தில் ஊற்றினால் மேலே வெள்ளையாகப் படிந்து நின்றுவிடும். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் வெடிக்கும், நிழலில் மூடிவைத்து மெதுவாகத்தான் உலர்த்த வேண்டும். அதற்குப் பொறுமையில்லாத குழிகளில் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பால்மம் கைகொடுக்கும், பிற்பாடு நீக்குவதுதான் சிரமம்.

சரி, எதுவுமே ஊற்றாவிட்டால்? மண்ணோடு கட்டியாக வெட்டி, துணியும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் சுற்றித் தூக்கி, ஆய்வகத்தில் நிதானமாகப் பிரிப்பது. எடையும் செலவும் கூடும், ஆனால் எலும்புக்கு இதைவிட நல்லது இல்லை. முடியாத இடத்தில் டிஎன்ஏவுக்கும் காலக்கணிப்புக்கும் வேண்டிய பல்லையும், உள்காதைச் சுற்றியுள்ள கெட்டியான எலும்பையும் பசை படாமல் முதலில் தனியே எடுத்துவிட்டு, மீதிக்குப் பாராலாய்டு விடுங்கள். எந்தப் பசை, எத்தனை சதவீதம், என்றைக்கு என்று பெட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள்.